சங்கத்து ஏடுகளும் கணினிக் காப்பகமும்

ஒரு சங்கத்தின் செல்வம் யாதென வினவினால், இருப்பிலுள்ள நூலும் சேலையும், கிடங்கிலுள்ள நெல்லும், வங்கியிலுள்ள ரொக்கமும் என்றே நம்மில் பலர் விடை பகர்வர். ஆயின் அச்செல்வத்தில் எவருக்கு எவ்வளவு உரியது என்பதைச் சொல்ல வல்லவை ஏடுகளே. ஏடு அழிந்தால் உரிமையும் உடன் அழியும்.

நாமறிந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், காலஞ்சென்ற அங்கத்தினர் ஒருவரின் மனைவி கணவரின் பங்குத் தொகையைக் கேட்டு வந்தார். பங்குப் பேரேட்டின் அப்பக்கத்தைச் செல் அரித்திருந்தது. அவரைச் சேர்த்துக்கொண்ட தீர்மானம் பழைய தீர்மானப் புத்தகமொன்றில் அகப்படும்வரை, ஏழு மாதம் அவ்வம்மையார் அலுவலகத்திற்கு நடையாய் நடந்தார். எவரும் மோசம் செய்யவில்லை. பரண்மேல் ஏற்றிய ஏட்டை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவே. இத்தகைய துன்பத்தைத் தவிர்க்கச் சிறு சங்கமும் கையாளக்கூடிய வழியே கணினிக் காப்பகம்.

முதற்பணி தெரிந்தெடுத்தல். எல்லாக் காகிதங்களையும் ஒருங்கே படமெடுக்கத் தொடங்கினால் பணி பாதியில் நின்றுவிடும். மறுபடி எழுத இயலாதவற்றை முதலிற் கொள்க: தீர்மானப் புத்தகங்கள், அங்கத்தினர் பதிவேடு, பங்குப் பேரேடு, பதிவு பெற்ற துணைவிதிகள், மனை கட்டிடப் பத்திரங்கள். நெசவாளர் சங்கமாயின் பழைய டிசைன் ஏடுகளும் இவற்றோடு சேரும். வவுச்சர்கள் பின்னர் வரலாம்.

இரண்டாவது, ஏட்டைத் துப்புரவு செய்தல். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, துருவேறிய குண்டூசிகளை நீக்குக. கிழிசலில் ஒட்டு நாடா ஒட்டலாகாது. அதன் பசை நாளடைவில் காகிதத்தைக் கறைப்படுத்தும்.

மூன்றாவது, படமெடுத்தல். தனித்தாள்களுக்குச் சாதாரண ஸ்கேனர் போதும். தடித்த பேரேட்டைக் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுப்போம். ஆதலின் அதனை மேசைமேல் விரித்து, மேலிருந்து தாங்கியில் பொருத்திய காமிராவால் எடுப்பதே நலம். அங்குலத்திற்கு 300 புள்ளி, வண்ணப் படம், இதுவே குறைந்த அளவாக இருக்கட்டும். கருப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மையில் எழுதிய திருத்தம் எது, முதலில் எழுதியது எது என்பது தெரியாமற்போம். வெற்றுப் பக்கத்தையும் விடாது எடுக்க வேண்டும். இல்லையேல் இடையில் ஒரு பக்கம் மறைக்கப்பட்டதோ என்ற ஐயம் பின்னர் எழும்.

இவ்வளவையும் வைக்க இடமேது என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஏ4 அளவுத் தாளொன்று, சுருக்காத மூலப் படமாக, ஏறத்தாழ 26 மெகாபைட் இடங்கொள்ளும். 20,000 பக்கங்களும் 520 கிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு டெராபைட் வட்டில் பாதிக்குச் சற்றே மேல். மூலப் படத்தை அப்படியே காத்து, நாள்தோறும் பார்ப்பதற்குச் சிறிய பி.டி.எஃப். படியொன்று செய்துகொள்ளலாம்.

நான்காவது, பெயரும் அட்டவணையும். பெயரிடாத படக்குவியல் பரணிலுள்ள ஏட்டினும் பயன் குறைந்தது. ‘பங்கு-1956-0001’ என்பதுபோல ஏடு, ஆண்டு, பக்கம் என்ற முறையில் பெயரிடுக. பக்க எண்ணை நான்கு இலக்கமாக எழுதினால்தான் 10-ஆம் பக்கம் 2-ஆம் பக்கத்திற்கு முன் போய் நிற்காது. அட்டவணையில் ஏட்டின் பெயர், காலம், பக்கத் தொகை, மூல ஏடு இருக்கும் அலமாரி, பார்க்க உரிமையுடையோர் ஆகியவை இருத்தல் வேண்டும். இதனை யூனிகோடு எழுத்திலேயே தட்டச்சிடுக. பழைய தனி எழுத்துருக்களில் அடித்தது வேறு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும், தேடினாலும் அகப்படாது. ஓர் ஊரில் முருகேசன் பலர் இருப்பராதலின், தந்தை பெயரும் அங்கத்தினர் எண்ணும் சேர்த்தெழுதுக.

ஐந்தாவது, காத்தல். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேற்றூரில். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும் கடலூரிலும் வெள்ளம் புகுந்ததை நாம் மறந்திலோம். ஒரே அறையில் மூன்று வட்டுக்களை வைத்தால் மூன்றும் சேர்ந்தே நனையும். படிகள் பழுதற்றவையா என அறிய, ஒவ்வொரு கோப்பிற்கும் கணினி ஒரு சரிபார்ப்பு எண் கணித்துத் தரும். நாள் முடிவில் ரொக்கப் புத்தகத்தையும் கையிருப்பையும் ஒப்பிடுகிறோமல்லவா? அதுபோன்றதே இது. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் எண் மாறிவிடும். தணிக்கை நடக்கும் மாதத்தில் இதனையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. வட்டு என்றும் நிலைப்பதன்று. சில ஆண்டுகளுக்கொருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறி முடிப்போம். படமெடுத்துவிட்டோம் என்று மூல ஏட்டை எரித்துவிடலாகாது. வழக்கென்று வந்தால் மூலத்தையே கேட்பர். மற்றொன்று, அங்கத்தினர் நம்பிக்கை. ஒருவருடைய கடன் பாக்கியும் ஆதார் எண்ணும் பிறர் பார்வைக்குரியன அல்ல. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ஆம் ஆண்டில் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. தீர்மானங்களையும் துணைவிதிகளையும் யாவரும் காணலாம். தனிக் கணக்கை உரியவர் மட்டுமே காணுமாறு பிரித்து வைக்க வேண்டும்.

இதற்குப் பெருநிதி வேண்டுவதில்லை. கணினி பழகிய அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவரும், வாரத்தில் ஒரு பிற்பகலும் போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், எந்த ஏட்டை முதலில் எடுப்பது என்ற ஒரு தீர்மானத்தை மட்டும் நிறைவேற்றுவோம். பங்குப் பேரேடே முதலாவதாக இருக்கட்டும். தம் கணவர் பெயரைத் தேடி வரும் தாய்மார் எவரும் இனி ஏழு மாதம் நடக்க வேண்டாம்.