டாக்டர் எத்தனை சதவீதம் போட்டார்?

சென்னைச் சிறு வழக்குகள் நீதிமன்றமாகட்டும், மாவட்டத் தலைநகர்களில் உள்ள மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களாகட்டும், வராந்தாவில் அதிகம் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: “டாக்டர் எத்தனை பர்சன்ட் போட்டிருக்கார்?” நாற்பது என்றால் முகம் தெளிகிறது. பதினைந்து என்றால் வக்கீல் மீதே சந்தேகம் வந்துவிடுகிறது.

மோதியது யார் பிழை, பணம் கட்ட வேண்டியவர் யார் என்ற பொறுப்புக் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு வண்டிச் சொந்தக்காரர் பொறுப்பு. சொந்தக்காரருக்காகக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும். இதெல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மிச்சம் இருப்பது, எவ்வளவு என்பது. அங்கேதான் இந்த சதவீதம் வருகிறது; பலர் இழக்க வேண்டாத பணத்தை இழப்பதும் அங்கேதான்.

டாக்டர் தரும் ஊனச் சான்றிதழில் ‘இடது கால் 45 சதவீதம்’ என்று எழுதியிருந்தால், அது அந்தக் காலைப் பற்றிய மதிப்பீடு மட்டுமே. முழு உடலுக்குக் கணக்கிட்டால் அது குறையும். இந்த இரண்டும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்பது மூன்றாவது கணக்கு. அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. இழப்பீட்டுத் தொகை நிற்பது இந்த மூன்றாவது சதவீதத்தின் மீதுதான்.

இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன். ஒருவருக்கு இடது கை துண்டிக்கப்பட்டால் ஊனம் சுமார் 60 சதவீதம் என்று மருத்துவம் சொல்லும். அவர் டிரைவர் என்றாலோ தச்சர் என்றாலோ வருமான இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து அதே வேலையில் தொடர்ந்தால்? எதிர்கால வருமான இழப்பு என்று எதுவுமே தர வேண்டியிராது. வாழ்க்கை வசதிகள் குறைந்ததற்கான தொகை மட்டும் போதும் என்கிறது தீர்ப்பு. மருத்துவர் சாட்சி சொல்லும்போது தீர்ப்பாயம் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது, இந்த ஊனம் இவர் தொழிலை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னது. சிகிச்சையே தராமல், கேட்டவுடன் சான்றிதழ் எழுதித் தரும் டாக்டர்களைப் பற்றிய எச்சரிக்கையும் அதில் உண்டு. நம் ஊர் நீதிமன்ற வளாகங்களுக்கு அந்தப் பத்தி எவ்வளவு பொருந்தும் என்பது வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

அந்த வழக்கின் மனுதாரருக்கு முடிவில் என்ன கிடைத்தது? காலில் 45 சதவீதம் என்றது சான்றிதழ். வருமான இழப்பு 20 சதவீதம் என்றது நீதிமன்றம். விபத்து நடந்தது 1991-இல். மாத வருமானம் 1,500 ரூபாய். எதிர்கால வருமான இழப்பாகக் கிடைத்தது 64,800 ரூபாய். ஆக, தொழிலை வைத்து அளப்பது எப்போதும் நமக்குச் சாதகமாக முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. 2014-இல் வந்த சையது சாதிக் வழக்கில் மனுதாரர் 24 வயதுக் காய்கறி வியாபாரி. வலது கால் போய்விட்டது. உயர் நீதிமன்றம் 65 சதவீத இழப்பு என்று கணக்கிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 85 ஆக்கியது. உடல் உழைப்பில் வாழ்கிறவருக்கு உறுப்பு போவது பல நேரங்களில் பிழைப்பே போவதற்குச் சமம் என்பது அதன் நிலை. விடிவதற்கு முன் மார்க்கெட்டுக்குப் போய், மூட்டை தூக்கி, தெருத் தெருவாக நடந்து விற்கிற ஒருவரைப் பார்த்திருந்தால் இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. காய்கறி வியாபாரியிடம் வருமானச் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை என்றும் சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 6,500 ரூபாயுடன், வயது ஏறும்போது வருமானமும் ஏறியிருக்கும் என்பதற்காகப் பாதியைக் கூட்டினால் 9,750. பன்னிரண்டு மாதத்துக்கு 1,17,000. இந்த ஆண்டுத் தொகையைப் பெருக்க, இருபத்து நான்கு வயதுக்குரிய பெருக்கு எண் 18. பெருக்கி வந்ததில் 85 சதவீதம் எடுத்தால் 17,90,100 ரூபாய். மருத்துவச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் இதற்கு மேல் தனி. அதே கணக்கில் 65 சதவீதம் போட்டால் கிட்டத்தட்ட நாலே கால் லட்சம் ரூபாய் குறைந்துவிடும். ஒரு சதவீதத்தின் விலை 21,060 ரூபாய்!

வக்கீல்கள் ‘மல்டிபிளையர்’ என்று சொல்லும் இந்தப் பெருக்கு எண் 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பில் ஒழுங்குபடுத்தப்பட்டது. 25 வயது வரை 18. நாற்பதை ஒட்டி 15. 56 முதல் 60 வரை 9. வருமான உயர்வுக்காகக் கூட்டும் தொகையை 2017-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பிரணய் சேத்தி வழக்கில் வரையறுத்தது. சொந்தத் தொழில் செய்பவர் நாற்பது வயதுக்குக் கீழ் என்றால் இப்போது 40 சதவீதம். நிரந்தர வேலை என்றால் 50. இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். இறந்தவர் வழக்கில் அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு அல்லது குடும்ப அளவைப் பொறுத்து ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயம்பட்டவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிடுகிறார். அவர் வழக்கில் அந்தக் கழிவு கூடாது. விவரம் தெரியாமல் கழித்துவிட்ட தீர்ப்புகளும் மேல்முறையீட்டில் திருத்தப்பட்டிருக்கின்றன.

இந்த முறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒரே சாலையில், ஒரே நாளில், ஒரே மாதிரி கால் இழந்த இரண்டு பேருக்கு, மாதச் சம்பளத்தை வைத்து வேறு வேறு விலை. வலிக்கும் வேதனைக்கும் தருகிற தொகையோ, வருமானக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்தால் பரிதாபமாகத் தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வருமானமே இல்லை என்று வாதிட்ட காலமும் இருந்தது. அந்த உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு, எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் முறை மாறும் வரை இதற்குள்தான் வழக்கு நடத்தியாக வேண்டும். ஒரு கையை இழந்த இளம் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வழக்கில் சான்றிதழ் 89 என்றது, உயர் நீதிமன்றம் 45 என்றது, 2020-இல் உச்ச நீதிமன்றம் 65 என்றது. மூன்று எண்களும் ஒரே கைக்கு. அந்தக் கை என்ன வேலை செய்தது, இனி என்ன செய்ய முடியாது என்பதை யார் எவ்வளவு தூரம் எடுத்து வைத்தார்கள் என்பதில்தான் இந்த வித்தியாசம் பிறக்கிறது. எம்.சி.ஓ.பி. எனப்படும் விபத்து இழப்பீட்டு மனுவில் ‘கூலி, மாதம் 15,000’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டால் நீதிபதி எதை வைத்துத் தீர்மானிப்பார்?

கொத்தனார் என்றால் சாரத்தில் ஏறிய வேலை என்று எழுத வேண்டும். உடன் வேலை செய்த மேஸ்திரி வந்து சாட்சி சொல்ல வேண்டும். தொழிலாளர் நல வாரிய அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகத்தில் வாராவாரம் விழுந்த கூலி, ஜி.பே. வரவு எல்லாம் உதவும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை ரசீது ஆகியவற்றை முதல் வாரத்திலேயே ஒரு பையில் போட்டு வையுங்கள். சிகிச்சை தந்த டாக்டரே சாட்சிக்கு வந்தால் நல்லது. தீர்ப்பாயம் மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் தவறாமல் போங்கள்.

தள்ளிப் போடவும் கூடாது. 2019 திருத்தச் சட்டப்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அந்த நம்பிக்கையில் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை, அல்லது மோதிவிட்டு நிற்காமலே போய்விட்டது என்றால் பணத்தை யாரிடம் கேட்பது? அதை அடுத்த வாரம் பார்ப்போம்.