கூட்டுக்காசு – 14: குழுவில் சேர முடியாத வீடு

சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்குப் புற்றுநோயோ சிறுநீரகக் கோளாறோ வந்தால், கேரளக் கூட்டுறவுத் துறையின் ‘அங்க சமாஸ்வாச நிதி’ 50,000 ரூபாய் வரை கை கொடுக்கும் என்பது போன வாரத்துக் கதை. இந்த வாரம் பொழியூர்க் கடற்கரைக்குப் போவதாகச் சொல்லியிருந்தோம். நடுவில் வெங்கானூர் குறுக்கிட்டுவிட்டது. கடல் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

நிவாரண நிதி உறுப்பினருக்கு உண்டு. உறுப்பினராகவே ஆக முடியாதவருக்கு?

இஞ்சிவிளையைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. இந்தப் பக்கம் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர். இந்த ஊர்களில் வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் அயல்கூட்டம் கூடும். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் என்று பத்து முதல் இருபது பேர். களியக்காவிளையில் பிறந்து பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவள் தாய்வீட்டில் இருந்தவரை ‘குழு’ என்று சொன்னதைத்தான் இங்கே ‘அயல்கூட்டம்’ என்கிறாள். பேச்சில் பாதி தமிழ், வரவுசெலவு நோட்டு முழுக்க மலையாளம். கொண்டுவந்த பத்தோ இருபதோ நோட்டில் ஏறும்; சேர்ந்த பணத்திலிருந்தே ஒருத்திக்குப் பள்ளிக் கட்டணம், இன்னொருத்திக்கு ஆட்டுக்குட்டி வாங்கக் கடன். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டம் இப்படித்தான் திண்ணை திண்ணையாக வளர்ந்தது. இன்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அயல்கூட்டங்கள், 45 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள்.

எல்லோரும் ஒரே முறையில் போட வேண்டும், ஒரே முறையில் திருப்ப வேண்டும். கூட்டுச் சேமிப்பின் பலம் இந்தக் கண்டிப்பில்தான் இருக்கிறது. ஏழையிலும் ஏழையை வெளியே தள்ளுவதும் இதே கண்டிப்புதான். இரண்டு வாரம் பணம் போட முடியாதவள் மூன்றாம் வாரம் திண்ணைப் பக்கமே வரமாட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்வதில்லை. நோட்டில் தன் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருப்பதை நாலு பேர் முன்னால் பார்க்க அவளால் முடியாது.

குடும்பஸ்ரீ இதை நான்கே ஆண்டுகளில் கண்டுகொண்டது. அந்த நேர்மைக்காகவே அதை மதிக்க வேண்டும். 2002இல் வந்த ‘ஆஸ்ரயா’ திட்டம், சேமிப்புக் குழுவில் சேரக்கூட வக்கில்லாத குடும்பங்களுக்காக உருவானது. அவர்களைத் தேடும் வேலை அயல்கூட்டத்துப் பெண்களிடமே விடப்பட்டது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அதிகாரிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.

தேடுவதற்கு அப்போது வைத்தது ஒன்பது அடையாளங்கள். பத்து சென்ட்டுக்குக் குறைவான நிலம், ஒழுகும் வீடு, கழிப்பறை இல்லாமை, 300 மீட்டருக்குள் நல்ல குடிநீர் இல்லாமை, பெண் தனியாகச் சுமக்கும் குடும்பம், நிலையான வேலையில் ஒருவரும் இல்லாமை, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிச் சமூகம், மாற்றுத்திறனாளியோ தீராத நோயாளியோ உள்ள வீடு. ஒன்பதாவதாக வண்ணத் தொலைக்காட்சி இல்லாத வீடு! பொருளாதார அறிஞர்களின் பட்டியலில் இப்படி ஒன்று ஏறாது. ஆனால் சாயங்காலமானால் எந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த வீட்டு ஜன்னலோரம் நிற்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். ஒன்பதில் நான்கு பொருந்தினால் ஏழைக் குடும்பம். ஏழு பொருந்தி, அதற்கு மேல் வீதியில் உறங்குவது போன்ற கொடுமை ஒன்றும் சேர்ந்தால் அது ஆஸ்ரயா குடும்பம். பிறகு அந்த வீட்டுக்கென்று தனித் திட்டம் எழுதப்பட்டது: ஒருவருக்குச் சோறு, ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு ஓய்வூதியம், ஒருவருக்கு வீடு.

இதற்கான பணம் பஞ்சாயத்திலிருந்தும் அரசிலிருந்தும் வந்தது. பெண்களின் சேமிப்பில் யாரும் கை வைக்கவில்லை. சேமிப்புக்கு ஒரு பானை, உதவிக்கு இன்னொரு பானை என்ற இந்தப் பிரிவினை மிகவும் முக்கியம். இங்கிலாந்தில் உறுப்பினர்களுக்கே சொந்தமான நேஷன்வைடு என்ற வீட்டுக்கடன் சங்கமும் 1997இல் தன் அறக்கட்டளையைத் தனி அமைப்பாகவே நிறுவியது. வீட்டுக்கடன் வாங்கவே வழியில்லாதவர்களின் குடியிருப்புக்காக அந்த அறக்கட்டளை உழைக்கிறது. சேமித்தவளின் பணம் பத்திரமாக இருந்தால்தான் அவள் அடுத்தவளைப் பற்றிக் கவலைப்படுவாள். 2021இல் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி வெளிவந்தபோது, முதலீடு செய்தவர்களே தங்கள் பணத்துக்காக வரிசையில் நிற்க வேண்டியிருந்ததை மறக்க முடியாது.

ஜெர்மனியில் கூட்டுறவுக் கடனின் முன்னோடியான ராய்ஃபைசன் வந்த வழி குடும்பஸ்ரீயின் வழிக்கு நேர் எதிர். 1846–47 பஞ்சத்தில் ரொட்டிச் சங்கம், 1854இல் ஹெட்டஸ்டார்ஃபில் வசதியுள்ளோர் நடத்திய தர்ம சங்கம், அந்தத் தர்மம் நீடிக்காதென்று கண்டு 1864இல் கடன் சங்கம். அங்கே தர்மம் முதலில், கூட்டுக்காசு பிறகு. நம் எல்லையோரத் திண்ணைகளில் கூட்டுக்காசு முதலில் வந்தது.

இனி வெங்கானூர். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் விழிஞ்ஞம் கடலுக்குப் பக்கத்து ஊர். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகக் குடும்பஸ்ரீயும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்துபவை ‘பட்ஸ்’ பள்ளிகள். பட்ஸ் என்றால் மொட்டுகள். பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு மறுவாழ்வு மையங்களும் உண்டு; இரண்டும் சேர்ந்து இன்று கேரளத்தில் 300க்கும் மேல். இவற்றில் முதல் பள்ளி 2004 ஆகஸ்ட் 16 அன்று வெங்கானூர்ப் பஞ்சாயத்தில் திறந்தது. அதுவரை அப்படிப்பட்ட பிள்ளையின் தாய்க்குக் கூலி வேலையும் இல்லை, அயல்கூட்டமும் இல்லை. பிள்ளையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் பிள்ளையோடு தானும் உள்ளேயே கிடக்க வேண்டும். பகலில் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகுதான் அவள் வேலைக்குப் போனாள், கூலி வாங்கினாள், வாரப் பணம் போட்டாள்.

வெங்கானூர் என்ற பெயர் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா? சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளி 1863இல் பிறந்த ஊர் அது. புலையர் பிள்ளைகளை எந்தப் பள்ளியும் சேர்க்காத காலத்தில், அவர் அவர்களுக்கென்று பள்ளி தொடங்கியதும் அதே ஊரில்தான். ஆண்டு 1904. சரியாக நூறு வருடம்! யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகளுக்காக ஒரே ஊரில் நூறாண்டு இடைவெளியில் இரண்டு பள்ளிகள். திட்டம் போட்ட அதிகாரிகள் இந்தக் கணக்கைப் பார்த்திருப்பார்களா தெரியாது. இந்த வாரம் முழுக்க நினைப்பு அந்த இரண்டு ஆண்டுகளையே சுற்றிச் சுற்றி வந்தது.

1907இல் அய்யன்காளி சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளிக்குள் அழைத்துப்போனார். ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய ஒரு பெஞ்சு பள்ளியில் இன்றும் காக்கப்படுகிறது. 2022 முதல் அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. நெய்யாற்றின்கரைப் பக்கம் போகிறவர்கள் அந்தப் பெஞ்சைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

அந்தக் காலத்தில் தர்மத்துக்குப் பஞ்சமில்லை என்பதுதான் வேதனை. பாறசாலையில் ஊழியம் செய்த லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘தர்ம பூமி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பையே வைத்தார். சமஸ்தானம் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொண்டது. அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு இலவசச் சோறு. வயலில் நாற்று நட்டவர்கள் அந்தக் கட்டடத்தின் அருகே போக முடியாது. கொடுப்பவர் மட்டுமே முடிவெடுக்கும் தர்மம் யார் வீட்டு வாசலில் நின்றுவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தத் திருவிதாங்கூர் மண்ணில் 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு விழுந்து, விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. 2025இல் அதே நவம்பர் 1 அன்று, அதிதீவிர வறுமை இல்லாத மாநிலமாகக் கேரளம் தன்னை அறிவித்தது. உணவு, உடல்நலம், வருமானம், வீடு என்ற நான்கையும் வைத்துக் கண்டறியப்பட்ட குடும்பங்கள் 64,006. பட்டியலின் அளவுகோல் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி தேவையானதே. பட்டியல் ஒருமுறை முடிந்துவிடலாம், திண்ணைக்கு வராமல் நின்றுபோகும் பெண் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒருத்தி இருப்பாள்.

கடற்கரைக்கு வராமல் இந்த வாரத்தை முடிக்க மனமில்லை. தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, அய்யன்காளியின் தலைமையில் வயல் தொழிலாளர்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். நிலக்காரர்கள் பட்டினியை நம்பிக் காத்திருந்தார்கள். அப்போது விழிஞ்ஞம் மீனவர்கள் அந்தத் தொழிலாளர்களைத் தங்கள் வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு, பிடித்த மீனில் பங்கும் கொடுத்தார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். துடுப்பே பிடித்தறியாத ஆளுக்கு ஒரு பங்கு! கரைக்கு வந்த மீனைப் பங்கு பிரிப்பதில் கடற்கரைக்கென்று ஒரு பழைய கணக்கு உண்டு. வள்ளத்துக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் எவ்வளவு என்ற அந்தக் கணக்கிலிருந்துதான் இன்றைய மீனவர் சங்கங்களின் சேமிப்புப் பிடித்தம் புறப்படுகிறது. அதைப் பொழியூர் மணலில் உட்கார்ந்து அடுத்த வாரம் எண்ணிப் பார்ப்போம்.

(தொடரும்)