உச்சத்துக்கு மூன்று நொடி முன்னால்

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம். பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓர் எம்ஆர்ஐ இயந்திரம். ஒருவர் படுத்தாலே தோள் இடிக்கும் அந்தக் குழாய்க்குள் 1991-இல் ஓர் ஆணும் பெண்ணும் நுழைந்தார்கள். கலவியின்போது உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க! பக்கத்து அறையில் பெக் வான் ஆண்டெல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் திரையிலேயே கண்ணாக இருந்தார்கள். அவ்வளவு குறுகிய இடத்தில் எப்படி முடிந்தது என்கிறீர்களா? இருவரும் தெருவில் வித்தை காட்டிப் பழகியவர்கள். உடம்பை வளைப்பது அவர்களுக்குக் கைவந்த கலை! அவர்களுக்குப் பின் வந்த ஆண்கள் பாவம், திணறிப்போனார்கள். 1998-இல் வயாகரா வந்த பிறகுதான் ஆய்வு மறுபடி சூடுபிடித்தது.

1999 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அந்தப் படங்களை வெளியிட்டது. ஆணுறுப்பு நேராக இல்லை, பூமராங்போல வளைந்திருந்தது! வெளியில் நாம் பார்ப்பது முழு உறுப்பே அல்ல. அதன் வேர்ப்பகுதி இடுப்புக்குள் ஒளிந்திருக்கிறது. லியனார்டோ டா வின்சி 1490-களில் வரைந்த கலவிப் படத்தில் அது நேர்க்கோடாக இருக்கும். மாமேதையின் கோட்டைத் திருத்த ஐந்நூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எனக்கு இந்தக் கதைகள் அலுப்பதே இல்லை. ஆணின் உடம்பைப் பற்றி நம் ஊரில் சத்தமாகப் பேசியவர்கள் யார்? லாட்ஜில் முகாம் போட்டவர்களும், ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று டிவியில் அழைத்தவர்களும்தான். அவர்கள் விற்றது பயம். உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்தாலோ ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம்!

முதல் ஆச்சரியம் இது. உறுப்பு தளர்ந்து தொங்கும்போது உள்ளே ஓய்வு இல்லை. ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள மென்தசைகள் அப்போதுதான் இறுகிப் பிடித்துக்கொண்டு வேலை செய்கின்றன. ஆசை வந்ததும் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கசிகிறது. தசைகள் பிடியை விடுகின்றன, ரத்தம் பாய்கிறது, பஞ்சுபோன்ற திசு உப்புகிறது. உப்பிய திசு, ரத்தம் வெளியேறும் சிரைகளைத் தன்னைச் சுற்றியுள்ள உறையோடு அழுத்தி நசுக்க, வந்த ரத்தம் அங்கேயே நிற்கிறது. விறைப்பு என்பது உள்ளுக்குள் ஒரு தளர்ச்சி! பதற்றம் வந்தால் அட்ரினலின் ஏறுகிறது, தசை மறுபடி இறுகுகிறது, எல்லாம் சரிகிறது. முதலிரவில் தடுமாறும் இளைஞனிடம் ஆண்மைக் குறை எதுவும் இல்லை. அவனுடைய அட்ரினலின் தன் கடமையைச் செய்கிறது, அவ்வளவே.

தசை தளர்ந்தால் விறைப்பு வரும் என்பதை உலகுக்கு நிரூபித்தவர் கைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். 1983, லாஸ் வேகாஸ், சிறுநீரகவியல் மருத்துவர்கள் மாநாடு. தசையைத் தளர்த்தும் மருந்தை ஊசியால் செலுத்தினாலே போதும், கிளர்ச்சி தேவையில்லை, விறைப்பு வரும் என்று ஸ்லைடுகள் காட்டினார். சபை நம்பியதா என்று அவருக்குச் சந்தேகம். விடுதி அறையிலேயே தனக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். மேடையில் கால்சட்டையை இறக்கினார்! அதோடு நிற்காமல், தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று முன்வரிசையை நோக்கி நடந்தார். அரங்கமே அலறியது. நவீன விறைப்புச் சிகிச்சைக்கு அந்த மாலை ஒரு பெரிய திறப்பு. அந்தத் துணிச்சல்காரரை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

சரி, இனி உச்சம்!

அப்போது விந்து வெளியேறுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் விந்தணுக்கள், விந்துப்பைகளின் திரவம், புராஸ்டேட் திரவம் எல்லாம் சிறுநீர்க்குழாயின் பின்பகுதியில் வந்து கூடுகின்றன. சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்கிறது. ‘இனி நிறுத்த முடியாது’ என்று ஆணுக்குத் தெரியுமே, அந்தக் கணம் இதுதான். அங்கிருந்து வெளியேறும்வரை இரண்டு மூன்று நொடிகள்தான். அடுத்து இடுப்புத்தளத் தசைகள் தாளம் போடத் தொடங்குகின்றன. செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் ஆய்வகத்தில் தன்னார்வலர்களுக்குக் கருவிகளைப் பொருத்தி அளந்தார்கள். தொடக்கத் துடிப்புகள் 0.8 நொடிக்கு ஒன்று, பிறகு மெல்ல இடைவெளி நீள்கிறது. இந்த விவரங்களோடு 1966-இல் வந்த அவர்கள் புத்தகம் அமெரிக்காவையே உலுக்கியது.

மூளையை எட்டிப் பார்த்ததும் அதே குரோனிங்கன்தான். ஹெர்ட் ஹோல்ஸ்டெஹே குழுவினர் ஆண்களின் தலை அசையாமல் பார்த்துக்கொண்டு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். துணைவி பக்கத்தில் இருந்து தூண்ட வேண்டும். ஊசியில் ஏற்றும் கதிரியக்க ஆக்சிஜன் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். அதற்குள் உச்சம் வந்தாக வேண்டும்! 2003-இல் முடிவு வெளியானது. நடுமூளையில், இன்பத்துக்கும் வெகுமதிக்கும் பொறுப்பான பகுதி கொழுந்துவிட்டிருந்தது. பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவிலோ செயல்பாடு குறைந்திருந்தது.

ஆனால் விந்து பீய்ச்சும் கட்டளை மூளையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. அந்தத் தாளத்தைத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியே போட்டுவிடும். விபத்தில் மேல்தண்டுவடம் அறுபட்டவர்கள் பலருக்கு, உணர்வே இல்லாவிட்டாலும், அதிர்வுக் கருவி வைத்தால் விந்து வெளியேறுகிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் எத்தனையோ பேர் அப்படி அப்பாவாகியிருக்கிறார்கள். இந்தச் சிகிச்சைக்கும் வழிபோட்டவர்களில் ஒருவர், நம் பிரிண்ட்லியேதான்!

உச்சமும் விந்து வெளியேறுவதும் ஒன்றல்ல என்பதும் இங்கே விளங்கும். புராஸ்டேட் எடுக்கப்பட்டவர்களுக்கு விந்து வராது, உச்சம் வரலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் ‘உலர்ந்த’ உச்சம் நேரலாம். சர்க்கரையால் நரம்பு நலிந்தால் சிறுநீர்ப்பையின் வாய் மூடாமல் விந்து பின்னோக்கிப் போய்விடும். சிறுநீரில் கலந்து வெளியேறும், ஆபத்தில்லை. குழந்தைக்கு முயல்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து உள்ள இடம் வேறு. ஆணுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளைவிட ஒல்லி. கொழுப்பும் சர்க்கரையும் பாழாக்கத் தொடங்கினால் முதலில் அங்கேதான் தெரியும். நாற்பது, ஐம்பது வயதில் விறைப்பு தொடர்ந்து குறைந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் உடனே பாருங்கள். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே கிடைக்கும் எச்சரிக்கை அது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் வயாகரா வகை மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தப் பழைய பயத்தை விட்டுவிட முடியுமா? ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தம் என்று நம்பி உருகும் ஆண்களின் துயரத்துக்கு, 1960-இல் இந்திய மனநல மருத்துவர் நரேந்திர விக் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயர் சூட்டினார். விந்தின் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் திரவம். விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிது. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆனாலும், வரிசையில் கோடிக்கணக்கானவை காத்திருக்கின்றன. விரைகள் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கின்றன, நாம் தூங்கும்போதும்!