பழைய கிளட்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

ஸ்லிப்பர் கிளட்ச் மாற்றியதிலிருந்து வண்டி சரியில்லை, நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதித் தாருங்கள் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பில். “தெரிஞ்ச மெக்கானிக்தான் சார், பில்லெல்லாம் கேக்கல.” சரி, கழற்றிய பழைய கிளட்ச்? “கடையிலதான் கிடக்கும்.” கிடக்காது. அது எப்போதோ எடைக்குப் போயிருக்கும். ஆயிரக்கணக்கில் செலவழித்தவர் கையில் மிஞ்சுவது ஒரு ஜிபே ரசீது. அதில் தொகை இருக்கும். எதற்காகக் கொடுத்தார் என்பது இருக்காது.

இந்தக் கிளட்ச்மேல் ஏன் இவ்வளவு ஆசை? வேகத்தில் நாலாவது கியரிலிருந்து சட்டென்று இரண்டுக்கு இறக்கினால் பின்சக்கரம் இன்ஜினைச் சுழற்றப் பார்க்கும், இன்ஜின் முரண்டு பிடிக்கும். அந்த இழுபறியில் டயர் குதித்துக் குதித்துத் தரையில் தேயும். ஸ்லிப்பர் வகையில் சாய்வாக வெட்டிய மேடுகள் உண்டு. விசை பின்சக்கரத்திலிருந்து திரும்பி வரும்போது பிரஷர் பிளேட் அந்தச் சாய்வில் ஏறிக் கொஞ்சம் விலகும், பிளேட்டுகள் வழுக்கும், அதிர்ச்சி குறையும். ‘அசிஸ்ட்’டும் சேர்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பிளேட்டுகள் தாமாகவே இறுகும் என்பதால் மென்மையான ஸ்பிரிங் போதும், லீவரும் கையை நோகடிக்காது. டோமினார் 400, ஆர்15 போன்ற பைக்குகளில் கம்பெனியே இதைப் போட்டுத் தருகிறது. அதைப் பார்த்துப் பழைய வண்டிக்காரர்களும் மாற்றக் கிளம்புகிறார்கள்.

மாற்றுங்கள். ஆனால் கியர் இறக்கும்போது வண்டி வெட்டுகிறது என்றதுமே கிளட்ச்மேல் பழி போடாதீர்கள். செயின் தொய்ந்திருக்கிறதா, பின்சக்கர ஹப்பின் உள்ளே இருக்கும் ரப்பர்கள் நசுங்கிவிட்டனவா, கிளட்ச் கேபிளின் ஃப்ரீ பிளே வண்டியோடு வந்த கையேட்டில் சொன்னபடி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலையும் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்துகொண்டு வேலை செய்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற முத்திரை வேண்டும். வீட்டில் மிஞ்சிய கார் ஆயிலை ஊற்றிவிட்டுப் புது பிளேட்டும் வழுக்குகிறது என்று புலம்புகிறவர்களுக்கு எந்த ஆணையமும் நஷ்டஈடு தராது.

இன்னொன்று. ஸ்லிப்பர் கிளட்ச் பிரேக் அல்ல. பின் பிரேக்கை மிதித்துச் சக்கரம் இறுகிப்போனால் அது காப்பாற்றாது. வேகத்துக்குப் பொருந்தாத கியரில் தள்ளினால் இன்ஜினையும் காப்பாற்றாது. கொல்லிமலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் கிளட்சைப் பிடித்தபடியே இறங்குவது தற்கொலைக்குச் சமம், வண்டியில் எந்தக் கிளட்ச் இருந்தாலும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை. ஆர்.சி.யில் கிளட்ச் பற்றி எதுவும் கிடையாது. ஆனால் இது கூடவே வேறு இன்ஜினையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதற்கான அனுமதி இல்லை. அப்படிச் செய்தால் 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். வேலையைத் தொடங்குமுன் ஜாப் கார்டு கேளுங்கள். அச்சடித்த கார்டு இல்லாத சின்னக் கடை என்றால் வெள்ளைத்தாள் போதும். கடை முத்திரையும் கையெழுத்தும் இருக்கட்டும். வண்டி எண், கிலோமீட்டர், போடப்போகும் கிளட்சின் பார்ட் நம்பர், அது புதிதா, வேறு வண்டியில் கழற்றியதா, எந்த ஆயில், கூலி எவ்வளவு, எத்தனை நாள் உத்தரவாதம் என எல்லாம் அதில் வர வேண்டும். பொருளுக்கும் கூலிக்கும் பில் தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் கேட்டால் மெக்கானிக் அண்ணன் கோபித்துக்கொள்வார் என்று கூச்சப்படுகிறவர்கள், பிறகு அவரோடு சண்டைக்கு நிற்கும்போது மட்டும் கூச்சப்படுவதில்லை.

பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். புதியது கெட்டுப்போய் மறுபடி கழற்றினால் அதையும் வாங்குங்கள். சூட்டில் நீலம் பாரித்த ஸ்டீல் பிளேட், நகம் வைத்தால் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்த ஹவுசிங் எல்லாம் சாட்சிகள். கழற்றிய வரிசையிலேயே பிளேட்டுகளைக் கம்பியில் கோத்து, போட்டோ எடுத்து, பையில் போட்டுக் கட்டி வையுங்கள். துடைக்காதீர்கள். குறையைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆம் பிரிவு வழி செய்கிறது. அனுப்பப் பொருள் வேண்டுமே!

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் வெளியே மாற்றுவதற்குமுன் யோசியுங்கள். பிறகு கியர்பாக்ஸில் எது போனாலும் சர்வீஸ் சென்டர் அந்தக் கிளட்சைத்தான் காட்டும். ‘வாரண்டி இல்லை’ என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். எந்த மாற்றத்தால் எந்தப் பாகம் கெட்டது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவித்துப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால், நடந்ததையும் கேட்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுத்தால் போதும். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆன்லைனில் வெளியூரிலிருந்து வரவழைத்த பொருளுக்கும் அப்படித்தான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்திலும் பதியலாம். மனு, பிரமாண வாக்குமூலம், பில், ஜாப் கார்டு, அனுப்பிய கடிதம், தபால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ‘தக்க நிவாரணம்’ என்று மொட்டையாக எழுதாமல் பொருள் விலை, கூலி, மறுபடி செய்த செலவு, மன உளைச்சலுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். உணவு டெலிவரிக்கு ஓட்டுகிறவர்கள், நமக்கு இது பொருந்தாது என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வண்டி ஓட்டுகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

வழக்கை மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தாமேல் வாய்தா, அதைக் கேட்பாரில்லை. ஆனால் வழக்குப் போட நமக்கு விதித்த இரண்டு ஆண்டுக் கெடுவில் மட்டும் கறாராக இருப்பார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லி, பதிவு எண் வந்த நிம்மதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். அந்த எண் ஆணையத்தில் போட்ட வழக்கு அல்ல. அதற்காக இரண்டு ஆண்டுக் கணக்கு நிற்பதும் இல்லை.