காட்டுத்தீ அபாய வரைபடம்

காட்டுத்தீ எங்கே கடுமையாக மூளும் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்தல் இயலுமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அதற்கென்றே வரைபடங்கள் உள. அவற்றை ஆக்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம்.

மாநிலத் தீயணைப்புத் துறை, நிலத்தை மிதம், அதிகம், மிக அதிகம் என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றது. புல், புதர், மரங்களின் அடர்த்தி, நிலத்தின் சரிவு, காற்றின் வேகம், தீப்பொறி பறந்து விழும் தூரம் ஆகியவற்றைக் கொண்டு அபாயம் கணக்கிடப்படுகின்றது. ஒருவர் தம் வீட்டுப் புதரை வெட்டியதனால் வகுப்பு மாறாது. 30 முதல் 50 ஆண்டுகளுக்கு அந்நிலத்தின் இயல்பு யாது என்பதே கேள்வி.

2017 அக்டோபரில், சாண்டா ரோசா நகரத்தின் காபி பார்க் குடியிருப்பு, மிக அதிக அபாய எல்லைக்கு வெளியே இருந்தும் எரிந்தது. அகன்ற நெடுஞ்சாலையையும் கடந்து பறந்த பொறிகளால் 1,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. எனவே வரைபடங்களைப் புதுப்பித்தல் இன்றியமையாததாயிற்று. உள்ளூர்க் காற்றையும் பொறிகளையும் நுணுகிக் கணக்கிட்ட புதிய படங்கள், மாநிலப் பொறுப்பிலுள்ள நிலங்களுக்கு 2024இலும் நகரங்களுக்கு 2025இலும் வெளியாயின. நகராட்சி அதனை 30 நாட்களுக்குள் மக்கள் பார்வைக்கு வைத்து, 120 நாட்களுக்குள் சட்டமாக்குதல் வேண்டும். வகுப்பை உயர்த்தலாம், தாழ்த்துதல் கூடாது.

எல்லைக்கு வெளியே இருப்பது மட்டும் காவலாகாது. அண்டை வீட்டுச் சருகு நம் கூரைக்கும் பகையாதலின், படம் தரும் எச்சரிக்கையை ஊரார் ஒன்றுகூடிச் செயலாக்கினாலன்றிப் பயனில்லை.