கூறக் கூசும் காயம்

மாத்தளை மாவட்டத்து எல்கடுவையில், ஹுனாஸ் நீர்வீழ்ச்சியைச் சூழ்ந்த தேயிலை மலைகள் செங்குத்தானவை. மழை பெய்த காலையிலே கொழுந்துச் சுமையுடன் இறங்கும் பெண்ணின் கால் வழுக்குமாயின், கவ்வாத்து வெட்டிய செடியின் கூரிய கட்டைமீது கால்கள் அகன்றபடி அவள் விழுதல் கூடும். முழங்காலிற் பட்ட காயமாயின் உடனே கங்காணியிடம் காட்டுவாள். பெண்ணுறுப்பிற் பட்ட காயத்தையோ மறைத்துக்கொண்டு மாலைவரை கொழுந்தெடுப்பாள்.

நேயர்களே, நான் மருத்துவம் கற்றவளல்லேன். எனினும் பாடசாலையிற் பணியாற்றுவோர் அறிந்த ஒன்றுண்டு. துவிச்சக்கரவண்டிச் சட்டத்திலோ வாங்கின் விளிம்பிலோ விழுந்த சிறுமி, 'வயிற்றுவலி' என்று மட்டும் சொல்லி வீட்டுக்குப் போய்விடுவாள். பெயர் சொல்லக் கற்பிக்கப்படாத உறுப்பின் நோவை அவள் எங்ஙனம் எடுத்துரைப்பாள்?

இவ்வுறுப்பு இரத்தக் குழாய்கள் மிகுந்தது. ஆதலாற் சிறு கிழிசலும் பெருக இரத்தம் சிந்தும். நன்கு தைக்கப்பட்டால் விரைவில் ஆறுவதும் அதனாலேயே. தோல் கிழியாதபோதும், அடியிலுள்ள தளர்ந்த தசைப்பகுதியிலே இரத்தம் தேங்கிப் பெரிய வீக்கமாகலாம். வளர்ந்த பெண்ணுக்குப் புற உதடுகளின் கொழுப்பு ஓரளவு காப்பாகும். சிறுமிக்கு அக்காப்பும் குறைவு.

காயமுற்றவளைப் படுக்கவைத்து, தூய துணியை மடித்து, பத்து அல்லது பதினைந்து நிமிடம் கையெடாமல் அழுத்திப் பிடித்தல் வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் பெருகும். உள்ளே துணியைத் திணித்தலாகாது. குத்தி நிற்கும் குச்சியைப் பிடுங்கலாகாது. கோப்பித்தூளும் மஞ்சளும் சமையலறைக்கு உரியவை, புண்ணுக்கு அல்ல. இரத்தம் நிற்காவிடினும், வீக்கம் வளரினும், சிறுநீர் கழிக்க இயலாவிடினும், யோனியின் உள்ளிருந்தோ மலவாயிலிருந்தோ இரத்தம் வரினும், தலை சுற்றினும் தாமதம் கூடாது. காயமுற்றவள் சிறுமியாயின் அல்லது கர்ப்பிணியாயின், காயம் சிறிதெனத் தோன்றினும் வைத்தியரிடமே காட்டுக. 1990 என்ற எண்ணை அழைத்தாற் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்ற அச்சமே பலரைத் தடுக்கின்றது. முதலில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். எவ்வாறு நேர்ந்தது, கடைசி மாதவிடாய் எப்போது என வினவுவார்கள். பின்னர் நோயாளியின் சம்மதத்துடன், பெண் ஒருவர் உடனிருக்கப் பரிசோதிப்பார்கள். சிறுநீர்த் துவாரம், யோனி, மலவாய் மூன்றும் பழுதின்றி உள்ளனவா என்று காண்பதே பரிசோதனையின் நோக்கம். வெளியே நகக்கீறல்போற் காணும் புண் உள்ளே ஆழமாக இருக்கலாம். ஆகவே வலி மிகுந்தவருக்கும் சிறுமியருக்கும், தேவைப்படின் மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே பார்ப்பார்கள். ஏற்புவலித் தடுப்பூசி பற்றியும் கேட்பார்கள். தேயிலைமண் பட்ட புண்ணுக்கு அது முக்கியம்.

பிரசவத்தில் நேரும் கிழிசலும் இவ்வினத்ததே. அதனை நான்கு படிகளாக வகுப்பர். மூன்றாம், நான்காம் படிகளில் மலவாய்த் தசையும் கிழிந்திருக்கும். அதைக் காணாது மேலே மட்டும் தைத்துவிட்டால், மலத்தை அடக்க இயலாத துன்பம் ஆண்டுக்கணக்கில் நீளலாம். முன்னெச்சரிக்கையென எல்லாத் தாய்மாருக்கும் வெட்டுப்போடும் வழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2018 இற் பரிந்துரைக்கவில்லை. பிள்ளை பெற்றபின் காற்றோ மலமோ தன்னறியாது வெளியேறுமாயின், 'பெற்றவளுக்கு இது இயல்பு' என்று மாமியார் சொன்னாலும் நம்பற்க. குடும்பநல மருத்துவமாதிடம் சொல்க.

பிறர் இழைத்த கொடுமையாற் காயம் நேர்ந்ததாயின், இயன்றவரை குளியாமலும் உடை களையாமலும் வருதல் நன்று. குளித்துவிட்டாலும் வரத் தயங்கலாகாது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டிய மருந்துகள் உள. பொலிஸ் முறைப்பாட்டுக்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. பல அரச வைத்தியசாலைகளில் இதற்கென 'நட்பு நிலையம்' இயங்குகின்றது. பெண்கள் 1938 என்ற எண்ணையும், சிறுவருக்காக 1929 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வீடு திரும்பியபின், சிறுநீர் கழிக்கையில் இளஞ்சூட்டு நீரை ஊற்றிக்கொண்டால் எரிவு குறையும். முன்னிருந்து பின்னாக ஒற்றித் துடைத்தல், பருத்தி உடை, மலச்சிக்கல் நேராத உணவு, புண் ஆறும்வரை தாம்பத்தியத்தைத் தவிர்த்தல் ஆகியன வேண்டும். லயத்துக் குளியலறையிலே இவற்றுக்குத் தனிமை கிடைப்பது அரிது. கணவன்மார் வாளியில் நீர் கொணர்ந்து வாயிலிற் காவல் நிற்கலாம். காய்ச்சலோ துர்நாற்றமோ சீழோ கண்டால் மீண்டும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இங்கு இடும் தையல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். இழை சிறிது உதிர்ந்து விழுந்தால் அஞ்ச வேண்டியதில்லை.