கோல்ட் துப்பாக்கிக்கு இத்தாலியில் மறுபிறப்பு

செர்ஜியோ லியோனி எடுத்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ 1966-இல் வெளிவந்தது. அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இடுப்பிலிருந்து உருவும் ரிவால்வர் அசல் அமெரிக்கச் சரக்கு அல்ல, வட இத்தாலியில் செய்த நகல். இன்றைக்கும் பழைய அமெரிக்க எல்லைப்புறத் துப்பாக்கிகளின் நகல்களில் பெரும்பாலானவை பிரெஷா நகருக்கு வடக்கே உள்ள வால் திரோம்பியா மலைப் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான் உருவாகின்றன. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு இது அவ்வளவு வியப்பாக இருக்காது. டெக்ஸும் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர்தான்.

அந்தப் பள்ளத்தாக்குக்குத் துப்பாக்கித் தொழில் புதிதல்ல. 1526-இலேயே பெரெட்டா குடும்பத்தார் வெனிஸ் அரசின் ஆயுதக் கிடங்குக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்றதற்குப் பத்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1861-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, அந்தக் காலத்து ஆயுதத்தோடு குறிபார்த்துச் சுடவும் போர்க்களங்களை நடித்துக் காட்டவும் ஆர்வலர்கள் பலர் கிளம்பினார்கள். ஆனால் அசல் துப்பாக்கிகள் கிழடுதட்டிப் போயிருந்தன, விலையும் ஏறிக்கொண்டிருந்தது. வால் ஃபோர்ஜெட் என்ற அமெரிக்க வணிகர் 1950-களின் இறுதியில் இத்தாலிக்குப் போய், கோல்ட் நிறுவனத்தின் 1851 நேவி ரிவால்வரைச் செய்துதரச் சொன்னார். அந்த வேலையில் கைவைத்தவர்களில் ஒருவரான ஆல்டோ உபெர்ட்டி 1959-இல் தொடங்கிய பட்டறைதான் இன்று இத்துறையில் முன்னணியில் இருக்கும் உபெர்ட்டி நிறுவனம்.

‘கையால் செய்தது’ என்று விற்பவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? உடற்சட்டத்தையும் குழலையும் இப்போது கடைந்தெடுப்பது கணினி இயந்திரம். இதை மறைப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். கை இறங்குவது அதற்குப் பிறகு, பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் இடத்தில். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால் உள்ளே இருக்கும் ஒரு நெம்புகோல் எழும்பி, தோட்டா உருளையை ஓர் அறை அளவுக்குத் திருப்ப வேண்டும். சுத்தியல் முழுதாகப் பின்னால் வந்து நிற்கும் அதே கணத்தில், அடியிலுள்ள பூட்டு உருளையின் பள்ளத்தில் விழ வேண்டும். பூட்டு முந்தினால் உருளையைச் சுற்றி வளையம் போலக் கீறல் விழும். பிந்தினால் அறை குழலுக்கு நேரே நிற்காது. வேலைக்காரர் அரத்தால் இரண்டு இழுப்பு ராவி, பூட்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, மறுபடி கழற்றுவார். கோல்ட்டின் 1873 மாடல் ரிவால்வரின் நல்ல நகலில், சுத்தியலை இழுக்கும்போது நான்கு ‘க்ளிக்’ ஓசைகள் தனித்தனியாகக் கேட்கும்.

வண்ணத்திலும் இதே கதைதான். பழைய முறையில் இரும்புச் சட்டத்தை எலும்புக் கரியோடும் மரக்கரியோடும் பெட்டிக்குள் அடைத்து, பழுக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் கொட்டுவார்கள். மேல்தோல் இறுகும், நீலமும் பழுப்பும் ஊதாவும் கலந்து படரும். ஒரு சட்டத்தில் விழுந்த கோலம் இன்னொன்றில் விழாது. மலிவான நகல்களில் ரசாயனத்தால் இந்த நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உலோகம் இறுகியிருக்காது.

எனக்கு ஒப்பாத நகல்களும் உண்டு. கோல்ட்டின் 1851 நேவி இரும்புச் சட்டமும் .36 அங்குல விட்டமும் கொண்டது. போரின்போது இரும்புக்குத் தட்டுப்பாடு வந்ததால், தென்மாநிலமான ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் தொழிற்சாலை பித்தளைச் சட்டத்தோடு அதே அச்சில் செய்தது; அதுவும் .36-தான். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பித்தளைச் சட்ட .44 ‘நேவி’யோ அந்தக் காலத்தில் இருந்ததே இல்லை. வரலாற்றைக் கையில் கொடுக்கிறோம் என்று விற்கும் பொருளில் இந்தக் கலப்படம் கூடாது.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் 1898 வரை செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கணக்கில் வைத்து, துப்பாக்கிக்கான கட்டுப்பாடுகளிலிருந்து சலுகை தருகிறது. கருமருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய முறை நகல்களுக்கும் அதே சலுகை உண்டு. மாநிலச் சட்டங்கள் மட்டும் வேறுபடும். உலோகத் தோட்டா போட்டுச் சுடும் 1873 மாடலின் நகலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அது முழுத் துப்பாக்கிதான்.

நகல் என்று சொல்லி விற்கும்வரை குற்றமில்லை. அமிலம் தடவித் துருவேற்றி, கைப்பிடி மரத்தைத் தேய்த்துக் கறுக்கவைத்து, அசல் என்று தலையில் கட்டுவதுதான் மோசடி. 1847-இல் சுமார் 1,100 மட்டுமே செய்யப்பட்ட கோல்ட் வாக்கர் ரிவால்வர்களில் ஒன்று 2018-இல் 18 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆசை கிளம்பக் கேட்க வேண்டுமா?

இத்தாலியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு நகலும் அரசு சோதனைச் சாலையில் கூடுதல் மருந்திட்டுச் சுட்டுப் பார்க்கப்பட்டு முத்திரை பெறுகிறது. பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் செய்த ஆண்டுக்கான குறியும் இருக்கும். அமெரிக்காவில் வாழும் நம்மவர் யாரேனும் பழைய ரிவால்வர் ஒன்றை விலை பேசினால், இந்த முத்திரைகள் இருக்கக்கூடிய குழலின் அடிப்பக்கத்தையும் உடற்சட்டத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் துருவும் கீறலுமாக இருக்க, அங்கே மட்டும் வழவழவென்று பள்ளமாகத் தேய்ந்திருந்தால், விற்பவர் என்ன கதை சொன்னாலும் வாங்காதீர்கள்.